கடற்கரையில் மேசை போடலாமா? நகரின் நீர்க்கரை இடத்தை உணவகங்களுக்குத் தரும் நான்கு வழிகள்

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கேட்டார்கள். ஒருவர் சென்னை பெசன்ட் நகரில் கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி சிறிய டிபன் கடை நடத்துபவர். கடைக்குள் 16 இருக்கைகள். மாலையில் வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். எதிரே உள்ள அகலமான நடைபாதையில் பத்து மேசை போட மாநகராட்சி இடம் தந்தால் எடுக்கலாமா, எடுத்தால் எந்த நிபந்தனையில் எடுப்பது என்று கேட்டார். மற்றவர் அதே பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். அப்படி ஒரு திட்டம் வந்தால் சங்கம் எதிர்ப்பதா, ஆதரிப்பதா, ஆதரித்தால் எந்த வடிவத்தை ஆதரிப்பது என்பது அவருடைய கவலை.

நான் இருபது ஆண்டுகளாகச் சிறு உணவகங்களுக்குக் கணக்கு எழுதிவருகிறேன். அதைவிட அதிக காலமாக அந்தக் கடற்கரையில் காலை நடைக்குப் போகிறேன். அதனால் இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கடைக்காரருக்கு மட்டும் லாபமான ஏற்பாட்டை ஊர் மூன்று ஆண்டுகளில் பிடுங்கி எறிந்துவிடும். ஊருக்கு மட்டும் நல்லதான ஏற்பாட்டில் கடைக்காரர் மூன்று மாதத்தில் கையைக் கழுவிவிடுவார்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, எதுவும் வாங்காமல் வருபவரின் இடம் குறைகிறதா என்பது. மெரினாவின் நடைபாதை ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், காற்று வாங்கி நடப்பதற்காகவே போடப்பட்டது. இந்த ஊரில் கையில் காசில்லாமல் குடும்பத்தோடு போய் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன? என் தராசில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு எடை அதிகம்; அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. சாலை வடிவமைப்புக்கு நெறிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அவ்வளவு தேவை. கடற்கரையில் ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு அது போதவே போதாது.

இரண்டாவது, கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்க முடியுமா? மூன்றாவது, மறைந்திருக்கும் செலவுகளையும் சேர்த்தால் கணக்கு நிற்கிறதா? நான்காவது, அங்கே ஏற்கெனவே பிழைப்பவர்கள், அதாவது சுண்டல், பஜ்ஜி, சோளம் விற்பவர்கள், மீன் விற்கும் பெண்கள், என்ன ஆவார்கள்? ஐந்தாவது, மழையும் உப்புக் காற்றும் புயலும் அந்த ஏற்பாட்டை எத்தனை நாள் விட்டுவைக்கும்?

## குத்தகை வேறு, உரிமம் வேறு

வழிகளுக்குள் போவதற்கு முன் ஒரு சட்ட வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

குத்தகை என்றால் இடத்தை அனுபவிக்கும் உரிமையே உங்கள் கைக்கு வருகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அதைப் பேசுகிறது. உரிமம் என்றால் இடம் மாநகராட்சியிடமே இருக்கிறது. அங்கே ஒரு காரியம் செய்துகொள்ள உங்களுக்கு அனுமதி மட்டும் கிடைக்கிறது. இதைப் பேசுவது அதே 1882-இல் வந்த வசதியுரிமைச் சட்டம். பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே ஓர் ஓட்டல் வழக்கில் சொல்லியிருக்கிறது.

பொதுவாக உரிமத்தை ரத்து செய்யலாம். ஆனால் வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இரண்டு விதிவிலக்குகளைத் தருகிறது. அவற்றில் ஒன்று, உரிமம் பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியிருந்தால் ரத்து செய்ய முடியாது என்பது. இங்கேதான் நகரங்கள் ஏமாறுகின்றன. முதல் ஆண்டு பிளாஸ்டிக் நாற்காலி வரும். இரண்டாம் ஆண்டு தரையில் சிமென்ட் விழும். மூன்றாம் ஆண்டு இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போடுவார்கள். நான்காம் ஆண்டு வழக்கு வரும். நான் கணக்கு எழுதிய ஒரு கடையிலேயே இதைப் பார்த்தேன். பொது இடத்தில் போட்ட கூரைக்காகக் கடைக்காரர் கூரையின் விலையைப்போல மூன்று மடங்கை வழக்குக்குச் செலவழித்தார். கடைசியில் கூரையும் போயிற்று, நடந்து போகிறவர்களுக்கும் அத்தனை ஆண்டுகள் வழி இல்லாமல் போயிற்று.

ஆகவே ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி வாடகை அல்ல. "தரையில் எதையும் பதிக்கக் கூடாது" என்ற வரி.

## வழி ஒன்று: ஏலம் விட்டு நீண்ட குத்தகைக்குக் கொடுப்பது

ஒரு பெரிய துண்டு நிலத்தை ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு அதிகத் தொகை கேட்டவருக்குக் கொடுப்பது. மாநகராட்சிக்கு வேலை குறைவு: ஒரே ஒப்பந்தம், ஒரே காசோலை. எடுப்பவர் கழிப்பறை கட்டுவார், கழிவுநீர்க் குழாய் போடுவார், விளக்கு போடுவார். எதுவுமே இல்லாமல் பாழாய்க் கிடக்கும் ஏரிக்கரைக்கோ, பூட்டிக் கிடக்கும் பழைய அரசுக் கட்டடத்துக்கோ இது பொருந்தும். அங்கே முதலீடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. முதலீடு செய்பவருக்குக் கால உறுதி வேண்டும். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத் துறையும் உணவகமும் நடத்துவதைப்போல, ஒரே நிர்வாகம் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் இடங்கள் உண்டு.

நகரக் கடற்கரைக்கு இது ஒத்துவராது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்டது. அதன்படி, ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதிகளில் இப்போதுள்ள சாலைக்கு நிலப் பக்கமாகத்தான் புதிய கட்டடம் கட்டலாம். சாலைக்கும் கடலுக்கும் நடுவே கட்ட முடியாது. கட்ட முடியாத இடத்துக்குப் பத்தாண்டுக் குத்தகை எதற்கு?

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. அதிகத் தொகைக்கு ஏலம் எடுத்தவர் அதை மீட்க, துண்டு துண்டாக உள்வாடகைக்கு விடுவார். உள்வாடகைக்கு எடுத்தவருக்கும் மாநகராட்சிக்கும் நேரடி உறவு இருக்காது. குப்பை கிடந்தால் யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனியே வரும்.

## வழி இரண்டு: எதிரே உள்ள உணவகத்துக்குச் சதுர மீட்டர் கணக்கில் ஆண்டு உரிமம்

டிபன் கடைக்காரர் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். அவர் கடைக்கு நேர் எதிரே உள்ள இடத்தை அவருக்கே அளந்து கொடுத்து, ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பது. இதில் இருக்கும் நல்ல அம்சம் பொறுப்பு. மேசைக்கு அடியில் இலையும் காகிதக் கோப்பையும் கிடந்தால் யாருடையவை என்று தெரியும். சமையலும் பாத்திரம் கழுவுவதும் கடைக்குள்ளேயே நடப்பதால் நடைபாதையில் அடுப்பும் சாக்கடையும் வராது. வாடகை சிறியது என்பதால் சிறு கடைக்காரரும் எடுக்க முடியும்.

கெடுதல் என்னவென்றால், பகல் முழுதும் மேசைகள் கிடக்கும். காலை ஐந்தரை மணிக்கு நடக்க வருகிற பெரியவருக்கும், பதினொரு மணி வெயிலில் நிழல் தேடும் தூய்மைப் பணியாளருக்கும் அந்த இடம் மூடப்பட்டுவிடும். காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் சப்ளையர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். இடம் பொது என்று பத்திரத்தில் இருந்து என்ன பயன்?

இனி பணக் கணக்கு. உள்ளாட்சி அமைப்பு தன் இடத்தைப் பதிவு பெற்ற வணிகருக்கு வாடகைக்கு விட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியை வணிகரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். மாநகராட்சி ரசீதில் அது தெரியாது. சாதாரண உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்குகின்றன. அந்த முறையில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. எனவே அந்த 18 சதவீதம் முழுவதும் கடைக்காரர் கையிலிருந்து போகிற காசு. இதைக் கணக்கில் எடுக்காமல் "வாடகை நாற்பதாயிரம்தானே" என்று கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மழை. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அதன்மேல் புயல் எச்சரிக்கை நாட்கள். புத்தாண்டு இரவில் காவல் துறை கடற்கரையை மூடுவது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாக் கூட்டத்தில் மேசை போட முடியாத மாலைகள். ஆண்டுக்கு 60 மாலைகள் போய்விடும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

## வழி மூன்று: மாலை நேர உரிமம், மடக்கு மேசை

இதே இடம், இதே கடைக்காரர். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேசை வரும். இரவு பத்து மணிக்கு மடக்கிக் கடைக்குள் போய்விடும். பகலில் தரையில் வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் காலையில் அது வெறும் நடைபாதை.

கோவாவில் கடற்கரைக் குடில்களைப் பருவத்துக்கு மட்டும் ஒதுக்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் பிரித்துவிட வேண்டும். நமக்கு மழை வடகிழக்கில் வருகிறது. நம் நாள்காட்டியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை உரிமம், மழை மாதங்களுக்குக் கட்டணமில்லை என்று எழுதினால் மழைக் காலத்து நட்டத்தில் பெரும் பகுதி குறைந்துவிடும். கோவாவில் குடிலை எடுத்தவரே நடத்தாமல் வெளியாருக்கு உள்வாடகைக்கு விடுவதாக நீண்ட காலமாகவே புகார் உண்டு. எனவே உரிமம் கடையின் பெயரில், அதே கதவு எண்ணுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும்.

கடைக்காரர் உடனே சொல்வது: "தினமும் தூக்கி வைக்க ஆள் வேண்டுமே!" உண்மைதான். அதையும் சேர்த்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 சதுர மீட்டர், பத்து மேசை, 40 இருக்கைகள். கட்டணங்கள் நான் எடுத்துக்காட்டாக வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பீடு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் 12 மாதக் கட்டணம், 305 மாலைகள் என்றே வைத்திருக்கிறேன். சரக்கு, கூலி, எரிவாயு போக ஒருவர் சாப்பிட்டால் 25 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம்.

| | ஆண்டு உரிமம், முழு நாள் | மாலை உரிமம் |
|---|---|---|
| மாதக் கட்டணம் | ரூ. 40,000 | ரூ. 15,000 |
| ஜிஎஸ்டி சேர்த்து | ரூ. 47,200 | ரூ. 17,700 |
| ஆண்டுக்கு | ரூ. 5,66,400 | ரூ. 2,12,400 |
| 305 மாலைகளுக்குப் பங்கிட்டால் | ரூ. 1,857 | ரூ. 696 |
| எடுத்து வைக்கும் ஆள் கூலி | இல்லை | ரூ. 600 |
| ஒரு மாலைச் செலவு | ரூ. 1,857 | ரூ. 1,296 |
| செலவை ஈடுகட்டக் கூடுதலாக வர வேண்டியவர்கள் | 75 பேர் | 52 பேர் |

நாற்பது இருக்கைகளில் இரண்டு சுற்று உட்கார்ந்தால் 80 பேர். முழு நாள் உரிமத்தில் இரண்டு சுற்றும் நிரம்பினால்தான் கைக்கு ஏதோ மிஞ்சும். மாலை உரிமத்தில் ஒன்றரைச் சுற்றே போதும். காலை டிபனுக்கும் வெளியே கூட்டம் வரும் கடையானால் கணக்கு மாறும். ஆனால் காலையில் அந்த இடம் யாருக்கு வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

நாற்காலிகள் துருப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் குழாய் கடல் காற்றில் ஓராண்டு தாங்குவதே பெரிது. குடை வைத்தால் காற்றில் பறக்கும். ஐந்து மணிக்கு மேல் குடை தேவையும் இல்லை.

விளக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவுகளில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றிவருகிறார்கள். பொரித்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நினைத்து நகரும். கடலைப் பார்த்த வெள்ளை விளக்கு அதைச் சாலைக்கு இழுத்துவந்துவிடும். மேசை விளக்குகள் தாழ்வாகவும் மங்கலாகவும் நிலப் பக்கம் திரும்பியும் இருக்க வேண்டும்; பத்து மணிக்கு அணைய வேண்டும். மாலை உரிமத்தில் மேசையோடு விளக்கும் உள்ளே போய்விடுகிறது. இந்த வழி எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

## வழி நான்கு: யாருடையதும் அல்லாத பொது இருக்கைகள்

மாநகராட்சியே கல் இருக்கைகளும் மேசைகளும் போட்டுவிட்டு, எந்தக் கடைக்கும் எழுதித் தராமல் விடுவது. டிபன் கடையில் பார்சல் வாங்கியவரும், வண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கியவரும், வீட்டிலிருந்து புளியோதரை கட்டி வந்தவரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

மெரினாவுக்கு இதைத் தவிர வேறெதையும் நான் ஒப்ப மாட்டேன். அங்கே நூற்றுக்கணக்கான சிறு வணிகர்கள் பிழைக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 900 கடைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் வேலை 2021-இல் நடந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் ஓர் உணவகத்துக்கு மட்டும் நாற்காலி போட இடம் தந்தால் அது நியாயமாகாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மேசை போடும் எந்தத் திட்டமும் முதலில் அந்தக் குழுவின் முன் போக வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு துடைப்பம். யாருடையதும் அல்லாத மேசையை யார் துடைப்பார்கள்? மாலையில் மூன்று முறை துடைத்துத் தொட்டியைக் காலி செய்ய ஆள் போடாவிட்டால் ஒரு மாதத்தில் காகங்களும் நாய்களும் எடுத்துக்கொள்ளும். வருமானம் இல்லாத திட்டம் என்பதால் பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. சுற்றுவட்டார உணவகங்களிடமிருந்து ஒரு சிறு பராமரிப்புக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அந்த இருக்கைகளுக்கு மட்டும் செலவிடலாம். பார்சல் விற்பனை கூடுவதால் அவர்களுக்கும் அது நட்டமில்லை.

எதைப் போட்டாலும் கடலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப் பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. அந்தப் பாதை அவசியமானது, பழுதுபார்த்தது சரி. உணவு மேசைக்காக மணலில் அப்படி ஒரு முதலீடு வேண்டியதில்லை. மணலைத் தொடாமல் நடைபாதையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## எந்த இடத்துக்கு எது

மெரினாவுக்கு நான்காவது வழி. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு மூன்றாவது, அதிலும் 1.8 மீட்டர் அல்ல, குறைந்தது மூன்று மீட்டர் நடைவழியை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும். அவ்வளவு இடம் மிஞ்சாத பகுதிகளில் உரிமமே வேண்டாம். ஏரிக்கரைப் பூங்காக்களில், கழிப்பறையும் கழிவுநீர் வசதியும் புதிதாகக் கட்ட வேண்டிய இடத்தில், முதல் வழி. கூவம், அடையாறு கரைகளில் நீர் சுத்தமாகும் வரை இந்தப் பேச்சே தேவையில்லை. வெள்ளம் வந்தால் போகிற வழியும் அதுதான். இரண்டாவது வழி, கடற்கரையைவிட்டுத் தள்ளி அகலமான நடைபாதை உள்ள கடைத்தெருக்களுக்குப் பொருந்தும். 2019-இல் பாண்டி பஜாரில் அமைந்த நடைபாதை வளாகம் போன்ற இடங்களில் பகல் முழுதும் உட்கார ஆள் இருக்கிறார்கள்.

நொச்சிக்குப்பம் லூப் சாலையை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். 2023 ஏப்ரலில் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் போராடியதை எல்லோரும் பார்த்தோம். மீனவர்களுக்கு அங்கே உள்ள உரிமை முழுதாகத் தீராமல், வெளியிலிருந்து வரும் உணவகத்துக்கு மேசை போட இடம் கொடுப்பது காயத்தில் உப்பைத் தேய்ப்பதாகும்.

டிபன் கடை அன்பருக்கு: மாலை உரிமம் கிடைத்தால் எடுங்கள், ஆண்டு உரிமம் மட்டும் என்றால் முதல் ஆண்டு ஐந்து மேசைக்குக் கேளுங்கள். மழை மாதக் கட்டணத் தள்ளுபடி, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் வெளி இருக்கைகளையும் காட்ட வேண்டுமா என்று அந்த அலுவலரிடமே கேட்டு வாங்குங்கள். கழிப்பறை ஒன்றுதான் என்றால், 16 பேருக்கு இருந்தது 56 பேருக்குப் போதுமா என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

சங்கச் செயலாளருக்கு: எதிர்ப்புத் தீர்மானம் போடுவதற்கு முன், ஒரு ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்காரரையும், எதிரே சோளம் சுடும் அம்மாவையும், சக்கர நாற்காலியில் வரும் உங்கள் சங்க உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து மேசைக்கான கோட்டைத் தரையில் வரையுங்கள். அரை மணி நேரம் ஒதுங்கி நின்று, மக்கள் அந்தக் கோட்டுக்குள் எத்தனை முறை காலை வைத்து நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சங்கக் கூட்டத்துக்கு அந்த எண்ணோடு போங்கள்.